சவுதிக்குப் போகும் செவிலியர் எந்த அரபியைக் கற்பது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சவுதி அரேபியாவில் ஓர் அரசு மருத்துவமனைக்குத் தேர்வாகியிருக்கிறேன். செவிலியர் உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்விலும் தேறிவிட்டேன். எந்த ஊரில் பணி என்று இன்னும் சொல்லவில்லை. கிளம்ப ஆறு மாதம் போல ஆகுமாம். அங்கே இருக்கும் சீனியர்கள் ஆங்கிலமே போதும் என்கிறார்கள். ரியாத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்த உறவினர் ஒருவர், பத்து வார்த்தை தெரிந்தால் சமாளிக்கலாம் என்கிறார். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் அக்கா ஒருவர் எனக்கு அரபு சொல்லித்தர முன்வந்திருக்கிறார்; நான் இந்து, அவரிடம் கற்பது முறையா என்று தயக்கமாக இருக்கிறது. டவுனில் ஒரு பயிற்சி நிலையம், முப்பது நாளில் அரபு பேச வைத்துச் சான்றிதழும் தருவதாக விளம்பரம் செய்திருக்கிறது. நான் எங்கிருந்து தொடங்குவது? எழுதவும் படிக்கவும் கற்க வேண்டுமா? பயோடேட்டாவில் அரபு தெரியும் என்று போடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தேர்வானதற்கு வாழ்த்துகள். ஆறு மாதம் போதுமான காலம்தான். ஆனால் எதைக் கற்பது என்ற தெளிவு இல்லாமல் தொடங்கினால், அந்த ஆறு மாதமும் எழுத்துகளை எழுதிப் பழகுவதிலேயே கரைந்துவிடும். மஸ்கட்டிலும் பிறகு ரியாத்திலும் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் வேலைக்காக அரபு கற்போருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கற்க வேண்டியது படுக்கையில் இருக்கும் நோயாளி பேசுகிற அரபு. அதையும் முதலில் வாயால் அல்லாமல் காதால் கற்க வேண்டும்.

ஆங்கிலம் போதும் என்று உங்கள் சீனியர்கள் சொல்வதில் பொய் இல்லை. உரிமத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. கேஸ் ஷீட்டும் மருந்து ஆணையும் ஆங்கிலத்தில் இருக்கும். உடன் வேலை செய்பவர்கள் கேரளத்தவர்களாகவும் பிலிப்பைன்ஸ்காரர்களாகவும் இருப்பதால் பணிமாற்றப் பேச்சும் ஆங்கிலத்திலேயே நடக்கும். இப்படியே அரபு தெரியாமல் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நள்ளிரவில் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொல்வது புரியாமல் செவிலியர் ஆள் தேடிப் போகும் அந்த நேரத்தின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். ஆகவே, உரிமம் பெற ஆங்கிலம் போதும். பராமரிப்புக்குப் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் முன்னால் மூன்று வகை அரபு வந்து நிற்கிறது. ஓதிக்கொடுக்கும் அக்காவிடம் இருப்பது குர்ஆனின் அரபு. பயிற்சி நிலையம் தரப்போவது பெரும்பாலும் பாடநூல் அரபு. உங்கள் உறவினரிடம் இருப்பது வேலைத்தளத்து அரபு. மூன்றிலும் உங்களுக்குப் பயன் உண்டு என்றாலும், மூன்றில் எதுவும் உங்கள் வார்டில் கேட்கப்போகும் பேச்சு ஆகாது.

அரபியில் எழுதுவதற்கும் செய்தி வாசிப்பதற்கும் மேடையில் பேசுவதற்கும் ஒரு மொழி. அதை ஃபுஸ்ஹா என்பார்கள். வீட்டிலும் கடையிலும் மருத்துவமனையிலும் பேசுவது வேறு. அதற்கு ஆம்மிய்யா என்று பெயர். இந்த இரட்டை வழக்கு ஐரோப்பிய மாணவர்களைத் திகைக்க வைக்கிறது. தமிழருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. 'எனக்கு வயிறு வலிக்கின்றது' என்று எழுதிவிட்டு 'வயிறு வலிக்குது' என்று பேசுகிறவர்கள்தாமே நாம்? எழுத்துத் தமிழை மட்டும் கற்ற ஒரு வெளிநாட்டவர் மன்னார்குடி பேருந்து நிலையத்தில் எப்படித் தடுமாறுவாரோ, அப்படித்தான் ஃபுஸ்ஹா மட்டும் கற்றவர் சவுதி வார்டில் தடுமாறுவார். 'என்ன வேண்டும்?' என்பதற்குப் பாடநூல் 'மாதா துரீத்' என்று கற்பிக்கும். ரியாத்தில் 'வெஷ் தபி' என்பார்கள்; ஜித்தாவில் 'ஏஷ் திப்கா' என்பார்கள்; உங்கள் வார்டின் எகிப்திய மருத்துவர் 'ஆயிஸ் ஏ' என்பார். நான்கிலும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. எனவே பணியிடம் எந்த ஊர் என்பது தெரிந்தவுடன் அந்த ஊர் வழக்கின் பக்கம் திரும்புங்கள். அதுவரை ரியாத் வழக்கையே பிடித்துக்கொள்ளலாம். அதை நாட்டின் மற்றப் பகுதிகளிலும் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் உறவினரின் பத்து வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் சவுதி அரபு என்று பலர் கற்றுக்கொடுப்பது அதைத்தான். பல நாட்டுத் தொழிலாளர்களும் அரபு முதலாளிகளும் ஒருவரோடு ஒருவர் வேலை வாங்கிக்கொள்ள உருவாக்கிக்கொண்ட சுருக்கப் பேச்சு அது. லாரியில் சரக்கு ஏற்றவும் கடையில் கணக்குச் சொல்லவும் அது நன்றாகவே உதவுகிறது. அதை வைத்து உழைத்துக் குடும்பங்களைக் கரையேற்றியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை, காலம் இல்லை. 'மாஃபி' என்பது ஒரு பொருள் அங்கே இல்லை என்பதற்கு அரபியர் உண்மையிலேயே பயன்படுத்தும் சொல். சுருக்கப் பேச்சில் அது எல்லா எதிர்மறைக்கும் வந்துவிடுகிறது. தெரியாது என்பதற்கு 'மாஃபி மாலூம்', போகவில்லை என்பதற்கு 'மாஃபி ரூஹ்'. நீங்கள் இப்படிப் பேசினால் நோயாளியும் இரக்கப்பட்டு உங்களிடம் இப்படியே பேசுவார். அப்போது வலி நேற்று வந்து போனதா, இப்போது இருக்கிறதா, இனி வரும்போல் இருக்கிறதா என்பது சொல்லில் இருக்காது. உண்மையான பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்காமலே போகும். முதல் மாதத்தில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு உதறுவது மிகக் கடினம்.

ஓதிக்கொடுக்கும் அக்காவிடம் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். எகிப்திலும் லெபனானிலும் சிரியாவிலும் கிறிஸ்தவர்கள் பலருக்கு அரபுதான் தாய்மொழி. மொழி கற்பதற்கு மதம் தடையில்லை. உங்கள் நோக்கம் வேலைக்கான மொழி என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பயன்படுத்தும் எழுத்துப் பாடநூலிலிருந்து எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் மட்டும் சொல்லித்தரக் கேளுங்கள். ஒலி பிறக்கும் இடத்தை அவர்கள் மக்ரஜ் என்பார்கள். தொண்டையின் எந்தப் பகுதியிலிருந்து எந்த ஒலி வர வேண்டும் என்பதில் ஓதிக்கொடுப்பவர்கள் காட்டும் கண்டிப்பை எந்தச் செயலியும் காட்டாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் உங்களுக்குக் கிடைத்தற்கரிய ஆசிரியர். அவரிடமிருந்து உரையாடலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஓதத் தெரிந்தவர்கள் எல்லோரும் அரபியில் பேசத் தெரிந்தவர்கள் அல்லர், அதை அவரே உங்களிடம் சொல்லுவார்.

அரபு எழுத்து இருபத்தெட்டு. வலமிருந்து இடமாக எழுதுவதும், சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் எழுத்தின் வடிவம் மாறுவதும் முதல் சில வாரங்கள் மிரட்டும், பிறகு பழகிவிடும். குறில் உயிர்களைச் சாதாரணமாக எழுதமாட்டார்கள் என்பதால், சொல் தெரியாமல் சரியாக வாசிக்க முடியாது. ஆகவே சரளமாக வாசிப்பதை இப்போது இலக்காக வைக்க வேண்டாம். பலகைகளும் நோயாளியின் பெயரும் மருந்து உறையில் ஒட்டியிருக்கும் குறிப்பும் அடையாளம் தெரிந்தால் போதும். ஆனால் எழுத்துகளைக் கற்கவே வேண்டும். காரணம், நம்மவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம்: அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது. இதய வலி என்று சொல்லவரும் நோயாளி இதயத்தைச் சவுதி வழக்கில் மென்மையான ககரத்தோடு சொல்வார். பாடநூலில் அதே சொல் உள்தொண்டைக் ககரத்தோடு இருக்கும். சாதாரணக் ககரம் போட்டால் அது நாய் ஆகிவிடும். தமிழில் மூன்றையும் 'கல்ப்' என்றுதான் எழுத முடியும். நோட்டில் எழுதிய நாளே அந்த ஒலி வேறுபாடு அழிந்துவிடுகிறது. இதன் மறுபக்கத்தை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்: நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு எழுத்தில் தமிழை எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளையே ஆக்கிக்கொண்டார்கள். நீங்களும் முதல் சில வாரங்களுக்குப் பிறகு நோட்டில் அரபு எழுத்திலேயே எழுதுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. (இந்தப் பதிலில் நானே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்; ஆகவே இங்குள்ள ஒவ்வொரு சொல்லையும் அரபு தெரிந்த ஒருவர் வாயால் கேட்ட பிறகே மனத்தில் பதியுங்கள்.)

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மருத்துவ அரபு என்று விற்கும் சிறு புத்தகங்கள் எல்லாம் கேள்விகளைக் கற்பிக்கின்றன. 'எங்கே வலி?' என்பதை அழகாக மனப்பாடம் செய்துகொண்டு போய் 'வேன் அல்அலம்?' என்று கேட்கிறீர்கள். நோயாளிக்கு மகிழ்ச்சி. உடனே அவர் மூச்சுவிடாமல் பேசத் தொடங்குகிறார்; உங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கேள்வி எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விடை வரும். ஆகவே கேள்வியைக் கற்பதற்கு முன் அதற்கு வரக்கூடிய விடைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். விடைகள் எண்ணிக்கைக்குள் அடங்கும்படி கேள்வியை அமைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, 'மின் மத்தா?', அதாவது எப்போதிலிருந்து என்று கேட்டால், வரக்கூடிய விடைகள் ஓரளவுக்கு எண்ணக்கூடியவை. இன்று என்றால் 'அல்யோம்', நேற்று என்றால் 'அம்ஸ்', காலையிலிருந்து என்றால் 'மின் அஸ்ஸுபுஹ்'. இரண்டு நாளாக என்றால் 'மின் யோமேன்'. இதில் ஒரு நுட்பம் உண்டு. அரபியில் ஒருமை, பன்மைக்கு நடுவே இருமை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு என்ற எண்ணைத் தனியாகச் சொல்லாமல், சொல்லின் கடைசியில் 'ஏன்' என்ற ஒலியைச் சேர்த்துவிடுவார்கள். 'மர்ரதேன்' என்றால் இரண்டு தடவை. 'ஹப்பதேன்' என்றால் இரண்டு மாத்திரை. இரண்டுக்கான எண் எப்போது வரும் என்று காத்திருக்கும் காது இதைத் தவறவிட்டு, ஒரு மாத்திரை என்று எழுதிவிடும்.

நோய் அறிகுறிகளையும் நோயாளி சொல்லும் சொல்லிலேயே கற்க வேண்டும். மூச்சு அடைப்பதைச் சவுதியில் 'கத்மா' என்பார்கள்; தலைசுற்றல் 'தோகா'; வயிற்றைப் பிசையும் வலி 'மகஸ்'; இருமல் 'குஹ்ஹா'; உடல் சூடு 'ஹராரா'. வாந்திக்குப் புத்தகம் 'இஸ்திஃப்ராக்' என்று கொடுத்திருக்கும். வயதானவர்கள் பலர் 'அரஜ்ஜிஅ' என்பார்கள். நல்ல செய்தி என்னவென்றால், சில இடங்களில் நம் ஊர் நோயாளி பேசுவதுபோலவே அவர்களும் பேசுகிறார்கள். தஞ்சாவூரில் உங்கள் வார்டுக்கு வருபவர் 'எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு' என்று சொல்வதைப்போல, அங்கே வருபவரும் சர்க்கரை, அழுத்தம் என்ற சாதாரணச் சொற்களாலேயே 'இந்தி ஸுக்கர், இந்தி ழக்த்' என்பார். ஒவ்வாமைக்கு 'ஹஸ்ஸாஸிய்யா', இந்த ஒரு சொல்லை முதல் வாரத்திலேயே கற்றுவிடுங்கள். ஊசி போடும் முன் 'ஃபீ ஹஸ்ஸாஸிய்யா?' என்று கேட்கும் பழக்கம் ஏற்பட வேண்டும்.

ஒரு விடை மட்டும் உங்களை ஏமாற்றும். பெண்ணிடம் 'கேஃப் ஹாலிச்?', ஆணிடம் 'கேஃப் ஹாலக்?' என்று நலம் கேட்டால், எவ்வளவு வலியில் துடித்தாலும் பெரும்பாலோர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றுதான் முதலில் சொல்வார்கள். இறைவனுக்கு நன்றி சொல்வது அவர்கள் பண்பு. அது உடல்நிலை பற்றிய தகவல் அல்ல. புதிதாக வரும் செவிலியர்கள் அதைக் கேட்டுவிட்டு, நோயாளி நலமாக இருப்பதாகக் குறித்துவிட்டுப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்களும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து 'ஃபீ அலம்?', வலி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அப்போதுதான் கை வலிக்கும் இடத்துக்குப் போகும். நோயாளியின் கை எங்கே போகிறது என்பதைப் பார்க்கும் உங்கள் ஐந்தாண்டு அனுபவம் அங்கே மொழியைவிட அதிகம் உதவும்.

எண்களுக்கு ஒரு முழு மாதம் ஒதுக்குங்கள் என்று என்னிடம் படிக்கும் செவிலியர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். நூறு வரை சொல்லத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கேட்டு எழுதத் தெரிய வேண்டும். அரபியில் இருபத்தைந்தை 'கம்ஸ வ இஷ்ரீன்' என்று சொல்வார்கள். ஐந்து முதலில் வரும், இருபது பின்னால். கேட்கக் கேட்க இடமிருந்து எழுதிக்கொண்டு போகும் நம் கை 52 என்று எழுதிவிடும். அதற்கு மேல், ஏழு 'ஸப்அ', ஒன்பது 'திஸ்அ'. எழுபது 'ஸப்ஈன்', தொண்ணூறு 'திஸ்ஈன்'. இரைச்சலான வார்டில், பல் இல்லாத முதியவர் வாயிலிருந்து, அல்லது தொலைபேசியில் இவை வந்தால் வேறுபாடு தெரியாது. வீட்டில் பார்த்த சர்க்கரை அளவு 270 என்கிறாரா 290 என்கிறாரா என்பதை விரலால் காட்டச் சொல்லியோ எழுதிக் காட்டியோ உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எழுதிய இலக்கங்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. மருத்துவமனைக் கோப்பில் நமக்குப் பழகிய இலக்கங்களே இருக்கும். ஆனால் நோயாளி பையிலிருந்து எடுத்துக் காட்டும் பழைய மருந்துச் சீட்டிலும், அடையாள அட்டையிலும், மருந்துக்கடைக்காரர் உறையில் எழுதியதிலும் அரபு நாடுகளின் இலக்கங்கள் இருக்கலாம். அவற்றில் பூஜ்யம் என்பது வெறும் புள்ளி. ஐந்து என்பது நம் பூஜ்யத்தைப் போன்ற வட்டம். ஆறு நம் 7 போல இருக்கும். நான்கு, 3ஐத் திருப்பிப் போட்டது போல இருக்கும். ஏழு ஆங்கில 'வி' எழுத்தைப் போலவும், எட்டு அதையே கவிழ்த்து வைத்தது போலவும் இருக்கும். ஐம்பது என்று எழுதியிருப்பது நம் கண்ணுக்குப் பூஜ்யமும் ஒரு புள்ளியுமாகத் தெரியும். எழுத்து வலமிருந்து ஓடினாலும் எண் மட்டும் நம்முடையதைப் போலவே இடப்பக்கம் பெரிய இலக்கத்தோடு இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தினமும் ஒரு பக்கம் இந்த இலக்கங்களில் தேதிகளையும் மருந்தளவுகளையும் எழுதிப் படித்தால் இரண்டு வாரத்தில் கை வந்துவிடும்.

பிறந்த தேதி பற்றியும் ஒரு எச்சரிக்கை. முதியவர் தாம் பிறந்தது 1380 என்றால் திகைக்காதீர்கள். அது ஹிஜ்ரி எனும் இஸ்லாமியச் சந்திர நாள்காட்டியின் ஆண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 1960. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால், நம் கணக்கில் 64 வயதானவருக்கு அவர் கணக்கில் 66 வயது ஆகியிருக்கும். மேலும், அந்தத் தலைமுறையில் பிறந்த தேதி பதிவாகாத பலருக்கு ஹிஜ்ரி ஏழாம் மாதம் முதல் நாளே பிறந்த நாளாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே அறையில் இரண்டு பேருக்கு அதே நாள் இருந்தால் வியப்பில்லை. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றன என்று நம்பி மருந்து கொடுக்கக் கூடாது. கைப்பட்டையில் உள்ள கோப்பு எண்ணையும் பார்த்தே ஆக வேண்டும். பெயரும் ஒற்றைப் பெயராக இராது: தன் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், குடும்பப் பெயர் என்று நான்கு அடுக்காக வரும். வயதான பெண்களை மூத்த மகனின் பெயரோடு சேர்த்து 'உம் ஸாலிஹ்' (ஸாலிஹின் தாய்) என்பதுபோல அழைப்பார்கள். அந்தப் பெயர் கோப்பில் இருக்காது. அம்மாவைப் பார்க்க வரும் மகன் அம்மாவின் பெயரைச் சொல்லாமல் 'அல்வாலிதா' (தாய்) என்று மட்டும் சொல்லக்கூடும். மகன் பெயரைக் கேட்டுத்தான் நீங்கள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அரபியில் பெரியவரையும் ஒருமையில்தான் அழைக்கிறார்கள். ஆணுக்கு 'இன்த', பெண்ணுக்கு 'இன்தி'. நீ என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. அங்கே மரியாதை உறவுமுறையில் இருக்கிறது: முதியவரை 'யா அம்மி' (பெரியப்பா, சித்தப்பா) என்றும் மூதாட்டியை 'யா காலா' (பெரியம்மா, சித்தி) என்றும் சேர்த்து அழைத்துவிட்டால் அந்த ஒருமை குறையாகத் தெரியாது. அதே நேரம், தமிழில் முன்னிலையில் ஆண் பெண் வேறுபாடு இல்லாததால், நாம் பெண்களிடம் ஆண்பால் வினையைச் சொல்லிவிடுகிறோம். மூச்சை இழுத்து விடச் சொல்லும்போது ஆணிடம் 'குத் நஃபஸ்', பெண்ணிடம் 'குதி நஃபஸ்'. உங்கள் பணி பெண்கள் வார்டில் அமைய வாய்ப்பு அதிகம். ஆகவே எல்லா ஏவல்களையும் பெண்பாலில் முதலில் கற்று, ஆண்பாலைப் பிறகு கற்றுக்கொள்ளுங்கள். பாடநூல்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. தொடும் முன் 'மும்கின்?' என்று அனுமதி கேட்பதும், விடைபெறும்போது 'ஸலாமதிச்' என்று நலம் வேண்டுவதும் அவர்கள் பெரிதாக மதிக்கும் பழக்கங்கள்.

ஷிப்டு வேலையில் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். உங்கள் இப்போதைய வேலையையே பாடமாக்குங்கள். ஒரு ஷிப்டு முழுவதும் நோயாளிகளிடமும் உடன் இருப்பவர்களிடமும் நீங்கள் சொல்லும் வாக்கியங்களை அன்றன்றே தமிழில் எழுதி வாருங்கள். 'கையை நீட்டுங்க', 'இன்னிக்கு வெளிக்குப் போனீங்களா', 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல தண்ணிகூடக் குடிக்காதீங்க', 'டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்'. ஒரு வாரத்தில் பெரும்பாலும் அதே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடநூல். அவற்றையும், அவற்றுக்குக் கிடைக்கும் பதில்களையும் அரபியில் சொல்லிப் பதிவு செய்துதர ஒருவர் வேண்டும். குடும்பத்தோடு ரியாத்திலோ தம்மாமிலோ பல ஆண்டு வாழ்ந்து, அக்கம்பக்கத்து அரபுப் பெண்களோடு பழகிய பெண்கள் கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை பக்கம் இருக்கிறார்கள். ஓதிக்கொடுக்கும் அக்கா மூலமே விசாரிக்கலாம். அவர்களுடைய பேச்சு, வேலைத்தளத்துப் பேச்சைவிட மிக நல்ல பேச்சு. செல்பேசியில் பதிந்துகொண்டு, தஞ்சாவூருக்குப் பேருந்தில் போகும் நேரமெல்லாம் கேளுங்கள். சவுதி சுகாதார அமைச்சகம் பொதுமக்களுக்காக வெளியிடும் காணொலிகளையும் பாருங்கள்; முதலில் ஒன்றும் புரியாது, நோய்ப் பெயர்கள் மட்டும் தனித்துக் கேட்கும். பிறகு அவற்றைச் சுற்றியுள்ள சொற்கள் தெளியும்.

முப்பது நாள் பயிற்சியைப் பற்றி: ஆங்கிலம் பேசுவோர் அரபியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணிநேரம் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் கணக்கிட்டு வைத்திருக்கிறது. உங்கள் தேவை அதில் ஒரு சிறு பகுதிதான் என்றாலும், முப்பது நாளில் பேச வைப்பதாகச் சொல்பவர் எதைப் பேச வைப்பார் என்று யோசியுங்கள். பணம் கட்டும் முன் எந்த நாட்டு வழக்கு, ஆசிரியர் அந்த நாட்டில் என்ன வேலை செய்தார், வகுப்பில் அரபியர் பேசும் ஒலிப்பதிவுகளைக் கேட்க வைப்பார்களா என்று கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டாம். சான்றிதழுக்காக என்றால் தேவையே இல்லை. செவிலியர் உரிமத்துக்கு அரபுச் சான்றிதழ் கேட்பதில்லை. பின்னாளில் மொழியின்மீது பற்று வந்து முறையாகப் படிக்க விரும்பினால், திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அரபுத் துறைகள் இருக்கின்றன. அவை இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் இடங்கள்; இந்த ஆறு மாதத் தேவைக்கு ஏற்றவை அல்ல.

அரபு ஓரளவு வந்தபின் ஓர் ஆபத்து வரும். உங்களுக்கு அரபு தெரியும் என்பது வார்டு முழுக்கப் பரவி, மருத்துவர்களும் சக செவிலியர்களும் எல்லாவற்றுக்கும் உங்களையே கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் வாங்குவது, நோயின் பெயரை முதன்முதலில் சொல்வது, மருந்தின் பக்கவிளைவை விளக்குவது ஆகியவற்றுக்கு மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரையோ அரபைத் தாய்மொழியாகக் கொண்ட மருத்துவரையோ கூப்பிடச் சொல்லுங்கள். இதில் எவ்வளவு வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள். நோயாளியின் சிறு பிள்ளையையோ துப்புரவு ஊழியரையோ இடையில் நிறுத்தி மொழிபெயர்க்க வைப்பதும் கூடாது. நீங்கள் கற்கும் அரபு, வலியையும் பசியையும் பயத்தையும் உடனடியாகப் புரிந்துகொள்வதற்கும், சரியான ஆளைச் சரியான நேரத்தில் வரவழைப்பதற்கும்.

பயோடேட்டாவில் போடலாம், உள்ளது உள்ளபடி. 'அரபு தெரியும்' என்று மட்டும் எழுதினால் எழுதப் படிக்கப் பேசத் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு, முதல் வாரமே உங்களைப் புறநோயாளிப் பிரிவின் முன்மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். 'நோயாளிகளுடன் அடிப்படைப் பேச்சு அரபு. அரபு இலக்கங்களும் எழுத்துகளும் வாசிக்கத் தெரியும்' என்று எழுதுங்கள். கிளம்பும் நாளில் அந்த வாக்கியம் உண்மையாக இருக்கும்படி, எழுத்துகளை இந்த வாரமே அக்காவிடம் தொடங்கிவிடுங்கள். பணியிடத்து ஊர் தெரிந்ததும் எழுதினால், அந்த ஊர் வழக்கில் எவை மாறும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.